3-ம் வகுப்புக்குச் சாகசக் கதை வாசித்தால் ஏன் சலசலப்பு?

கேள்வி: 32 பிள்ளைகள், 40 நிமிட பீரியட். தீவில் புதையல் தேடும் கதை, 64 பக்கம். பாதிப் பேருக்குச் சரளமா வாசிக்க வராது, அதனால நானே வாசிக்கிறேன். பத்தாவது பக்கத்துக்குள்ள பேச்சு ஆரம்பிச்சிடுது. எங்கே தப்பு?

பதில் 1: அளவுதான் தப்பு சார். 12 நிமிஷம், நாலஞ்சு பக்கம் போதும். கதையில் பையன் தொங்குற கயிறு நைஞ்சு ஒரே ஒரு புரி மிச்சமிருக்குங்கிற மாதிரி கட்டம் வந்தா, அங்கேயே புத்தகத்தை மூடிடுங்க. "இப்ப என்ன செய்வான்?"னு கேட்டு, வர்ற ஊகத்தையெல்லாம் போர்டில் எழுதி வைங்க. மறுநாள் அதிலிருந்து தொடங்கணும். ஆனா ஊகத்துக்கு டிக், இன்டு போடவே போடாதீங்க. அப்புறம் நல்லா படிக்கிற மூணு பேர்தான் வாய் திறப்பாங்க.

பதில் 2: சார்ட்டில் தீவோட கரையை மட்டும் வரைஞ்சு ஒட்டுங்க. குகை, ஓடை எல்லாம் கதையில் வர்ற அன்னைக்குப் பிள்ளைகளே வரையட்டும். முழு வரைபடத்தையும் முதல் நாளே மாட்டினா புதையல் எங்கேன்னு தெரிஞ்சிடும், கதை செத்துடும்! மேலே வடக்குன்னு குறிச்சா திசைப் பாடமும் நடந்துடும்.

பதில் 3: நங்கூரம், துடுப்பு மாதிரி புதுச் சொல் நாலு மட்டும், வாசிக்கிறதுக்கு முன்னாடியே படம் காட்டிச் சொல்லிடுங்க. நடுவில் நிறுத்தி அர்த்தம் சொன்னா பரபரப்பு போயிடும். சலசலப்பு பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும்.