பெரியப்பாவின் காய்ச்சல்: வெண்ணாற்றங்கரைக் குடும்பக் குழு

அண்ணன், இரவு 9:12
அப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கி இன்றோடு 9 நாள் ஆகிறது. நேற்று மாலையிலிருந்து பேச்சு தடுமாறுகிறது. காலமாகிவிட்ட ஆத்தாவைக் கூப்பிட்டு மடையைத் திறந்துவிடச் சொல்கிறார். இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை, மலேரியாவும் இல்லை.

மன்னார்குடி அத்தை, 9:15
அந்தி நேரத்தில் வடக்கு வரப்பில் தனியாகப் புல் அறுத்தார் என்று அண்ணி சொன்னார்கள். பயந்திருப்பார். பூசாரியிடம் திருநீறு வாங்கிப் பூசுங்கள்.

நர்ஸ் அக்கா, 9:19
திருநீறு பூசுங்கள் அத்தை, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தம்பி, பெரியப்பாவின் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார். சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா? பெரும்பாலும் அது வலிக்காது என்பதால் அவருக்கே தெரிந்திருக்காது.

அண்ணன், 9:31
இருக்கிறது அக்கா. இடது இடுப்பில், அரைஞாண் கயிற்றுக்குக் கீழே.

நர்ஸ் அக்கா, 9:40
அப்படியானால் இது உண்ணிக் காய்ச்சலாக, அதாவது ஸ்க்ரப் டைபஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மழைக்குப் பிறகு புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய இளம் பூச்சி கடித்து இந்தப் பாக்டீரியா உடலுக்குள் போகிறது; 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். இது சிறு இரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால், கவனிக்காமல் விட்டால் இரண்டாவது வாரத்தில் மூளைக்கும் அதன் உறைக்கும் பரவி, தாங்க முடியாத தலைவலி, கழுத்து இறுக்கம், பிதற்றல், வலிப்பு என்று கொண்டுபோகும். டைபஸ் என்ற பெயரே புகைமூட்டம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். பெரியப்பாவின் அறிவு இப்போது அந்த மூட்டத்துக்குள் இருக்கிறது. அவருக்கு என்ன ஊசி போட்டார்கள்?

அண்ணன், 9:42
3 நாளாக செஃப்ட்ரியாக்சோன்.

நர்ஸ் அக்கா, 9:46
அது இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. டாக்சிசைக்ளின் வேண்டும், அல்லது அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியாக ஏற்றுவதே மேல் என்று வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. இந்த இரவே தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கொண்டுபோங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

திருவாரூர்ச் சித்தப்பா, 9:48
நான் காரை எடுத்து வருகிறேன். அந்த வரப்பில் புதர் மண்டிக் கிடக்கிறது என்று மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன்.

அண்ணன், 9:49
வரப்பு யாருடையது என்பதே இன்னும் தீரவில்லையே, சித்தப்பா.

மன்னார்குடி அத்தை, 9:50
அண்ணன் படுத்துக் கிடக்கும்போது வரப்புப் பேச்சு எதற்கு? முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பார்கள் என்றால் சம்மதிக்காதீர்கள். கால் விளங்காமல் போய்விடும்.

நர்ஸ் அக்கா, 9:56
தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் அந்த ஊசியைப் போடுவார்கள், அத்தை. அந்த நீரைப் பார்த்தால்தான் மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்பது தெரியும். ஆனால் காசநோய் மூளைக்காய்ச்சலிலும் நீர் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும் என்பதால், பொருக்கை மருத்துவரிடம் நீங்களே காட்டுங்கள்; அதைப் பார்க்காமல் விட்டால் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட நேரிடலாம்.

மன்னார்குடி அத்தை, 9:58
அண்ணி என்ன சொல்கிறார்களோ, அதன்படி செய்யுங்கள்.

கும்பகோணம் மாப்பிள்ளை, 10:03
வெள்ளிக்கிழமை வளைகாப்பைத் தள்ளிவைக்கலாமா?

திருவாரூர்ச் சித்தப்பா, 10:04
நாளை பேசுவோம். நான் கொரடாச்சேரி தாண்டிவிட்டேன். 108 வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள்.

அண்ணன், 10:21
இரண்டில் எது முதலில் வருகிறதோ அதில் கிளம்புகிறோம். முதுகு ஊசிக்கு அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. அக்கா, இன்னொன்று: காலையிலிருந்து நாங்கள் பேசுவது அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வயதானதால் என்று நினைத்தேன்.

நர்ஸ் அக்கா, 10:23
வயதால் ஒரே நாளில் காது மந்தமாகாது. உண்ணிக் காய்ச்சல் காது நரம்பையும் பாதிக்கும். பொருக்கைக் காட்டும்போது இதையும் மறக்காமல் சொல்.