நியூயார்க் டு சிங்கப்பூர்: கிலோமீட்டரை வகுத்துப் பார்த்து ஏமாந்தவர்கள் யாராவது?

ஜன்னல்சீட்:
ஒரு வருடம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. நேரடி விமானம், சுமார் 15,300 கிலோமீட்டர், விமான வேகம் மணிக்கு 900 என்று வகுத்தால் 17 மணி நேரம். "வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஏறுறேன், தூங்கி எழுந்தா சிங்கப்பூர்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உண்மையில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுகூடப் பரவாயில்லை, கோடையில் சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதைக் கூட்டவே மறந்துவிட்டேன். இறங்குவது ஞாயிறு விடியற்காலை. அப்பா சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கே டாக்ஸி பிடித்து சாங்கி விமான நிலையம் போய் நின்றுவிட்டார். "எந்த வாசல் வழியா வர்றே?" என்று போன் வருகிறது. நான் நியூயார்க்கில், மூடாத பெட்டி மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே வெள்ளி சாயங்காலம்.

வடதுருவன்:
வகுத்ததே தப்பு. தூரம் ஒரு கணக்கு, விமானம் போகிற வழி வேறு கணக்கு. ஹெல்சிங்கி–டோக்கியோ நேர்கோட்டில் 7,800 கிலோமீட்டர் சொச்சம், ஒன்பதரை மணி நேரத்தில் போய் வந்தவன் நான். 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடிய பிறகு அதே ஊருக்கு 13 மணி நேரம். வடதுருவத்துக்கு மேலேயே கூட்டிப் போனார்கள். எல்லோரும் தூங்க, நான் மட்டும் ஜன்னல் மறைப்பை ஒரு விரல் அளவு தூக்கிப் பார்த்தேன், கீழே வெறும் வெள்ளை, அதில் கருப்பாக ஒரு விரிசல். பணிப்பெண் வந்து துருவம் கடந்ததற்கு ஒரு சான்றிதழ் தந்தார். ஆபீஸ் மேஜையில் ஒட்டியிருக்கிறேன்.

பெர்த்காரன்:
வடதுருவன் சொல்வது அரைகுறை. வழி மாறாவிட்டாலும் நேரம் மாறும், காற்றை மறந்துவிட்டீர்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்–லண்டன் 14,500 கிலோமீட்டர், போகும்போது 17 மணி நேரத்துக்கு மேல், திரும்பும்போது அரை மணிக்கும் மேல் குறைவு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. சிங்கப்பூர்–நியூயார்க்கிலும் பல நாள் போவது பசிபிக் பக்கம், திரும்புவது அட்லாண்டிக் பக்கம், இரண்டுமே காற்றோடு. சரி, இவ்வளவு தூரம் போகிறவர்கள் கேளுங்கள்: நடைபாதை ஓர சீட் எடுங்கள், கால் வீங்காமல் இருக்க இறுக்கமான சாக்ஸ் போடுங்கள், இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து பின்பக்கம் வரை நடங்கள், தண்ணீர் கேட்க வெட்கப்படாதீர்கள், ஏறியதுமே கடிகாரத்தை இறங்கும் ஊருக்கு மாற்றுங்கள், அந்த ஊர் ராத்திரிக்குத்தான் தூங்குங்கள், சினிமா மூன்றுக்கு மேல் வேண்டாம், கண் எரியும்.

ஜன்னல்சீட்:
சாக்ஸ் பற்றி நான் கேட்கவே இல்லை சார். அப்புறம், அப்பா அன்றைக்கு வீட்டுக்குப் போய் மறுநாள் மறுபடியும் அதே நாலரைக்கு வந்து நின்றார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த மாதம் மறுபடி போகிறேன். இந்தத் தடவை கிழமை, தேதி, மணி எல்லாம் எழுதி அனுப்பினேன். "இதெல்லாம் எந்த ஊர்த் தேதி?" என்று பதில் வந்திருக்கிறது.