அனிமேட் பழகி இரண்டு வாரம்: என் மழைத்துளி ஏன் பஞ்சு மாதிரி இறங்குகிறது?

வகுப்பறைச்சித்திரம்:

வணக்கம். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கையால் நன்றாக வரைவேன், ஆனால் கணினியில் அசைவு கொடுப்பது எனக்குப் புதிது. நீர்ச் சுழற்சியை என் பிள்ளைகள் இணையப் பக்கத்திலேயே பார்க்கிற மாதிரி அரை நிமிடத்துக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கதாநாயகி ஒரு மழைத்துளி. கண், வாய் எல்லாம் வைத்திருக்கிறேன். மேகத்திலிருந்து விழுவாள், இலையில் பட்டுத் துள்ளுவாள், வெயில் ஏறியதும் ஆவியாகி மேலே போவாள்.

படங்களுக்கு அசைவு கொடுக்கும் அடோபி அனிமேட் மென்பொருளை நிறுவி இரண்டு வாரம் ஆகிறது. முதலில் மேகம், இலை, துளி மூன்றையும் ஒரே லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள் மாதிரி) வரைந்துவிட்டு, இடையிலுள்ள அசைவை மென்பொருளே நிரப்பும் கிளாசிக் ட்வீன் கொடுத்தேன். மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நகர்ந்தன. லைப்ரரியில் 'ட்வீன் 1', 'ட்வீன் 2' என்று நான் உருவாக்காத பெயர்கள் வந்திருந்தன. பிறகு துளியைத் தனி லேயருக்கு மாற்றினேன். இப்போது ஃப்ரேம்கள் வரிசையாக இருக்கும் டைம்லைனில் அம்புக்குறிக்குப் பதிலாகப் புள்ளிக்கோடு தெரிகிறது, துளி நின்ற இடத்திலேயே நிற்கிறது. எல்லாவற்றையும் அழித்து மறுபடி செய்தபோது ஒரு தடவை விழுந்தாள். அதுவும் மழைத்துளி மாதிரி இல்லை, இலவம்பஞ்சு இறங்குகிற மாதிரி இருந்தது. கண் சிமிட்டுவதைத் தனி மூவி கிளிப்பாகச் செய்து வைத்தேன், டைம்லைனை இழுத்துப் பார்த்தால் கண் சிமிட்டவே இல்லை.

இதையே தொடர்ந்து கற்றுக்கொள்ளலாமா, இல்லை வேறு மென்பொருளுக்குப் போய்விடலாமா? எதை முதலில் பழக வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய டைம்லைன்:

வணக்கம் டீச்சர். மென்பொருளை மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன ஒவ்வொரு சிக்கலிலும் நானும் சிக்கியிருக்கிறேன். நான் பழகியபோது இதன் பெயர் ஃப்ளாஷ், மேக்ரோமீடியாவிடம் இருந்தது. 2005இல் அடோபியிடம் வந்தது, 2016இல் அனிமேட் என்று பெயர் மாறியது. 2020 டிசம்பர் 31உடன், பிரவுசரில் அதை ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயரின் காலம் முடிந்தது. அன்றைக்குப் பழகிய கீஃப்ரேம் (மாற்றத்தைக் குறித்து வைக்கும் ஃப்ரேம்), சிம்பல் (மறுபடி மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைக்கும் படம்), ட்வீன் மூன்றும் இன்றைக்கும் அப்படியே கைகொடுக்கின்றன.

ஒன்றை முதலில் பார்த்துவிடுங்கள். புது ஃபைல் திறக்கும்போது எச்டிஎம்எல்5 கேன்வாஸ் என்ற வகையைத்தான் தேர்ந்தெடுத்தீர்களா? ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் வகையில் தொடங்கியிருந்தால் கடைசியில் பிரவுசரில் ஓடாத ஃபைல்தான் கையில் இருக்கும்.

இப்போது புள்ளிக்கோடு. ட்வீன் பாதியில் அறுந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. பெரும்பாலும் முடிவில் கீஃப்ரேம் இருக்காது. எஃப்5 அழுத்தினால் இருப்பதையே நீட்டும் சாதாரண ஃப்ரேம் வரும், எஃப்6 அழுத்தினால்தான் கீஃப்ரேம் வரும். நீங்கள் எஃப்5 அழுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு ட்வீன் லேயரில் ஒரே ஒரு சிம்பல் என்ற பழக்கத்தையும் இன்றே வைத்துக்கொள்ளுங்கள். வரைந்ததும் எஃப்8 அழுத்தி நீங்களே சிம்பலாக்கி, 'துளி' என்று பெயர் வைத்துவிட்டால், மென்பொருள் தன் போக்கில் 'ட்வீன் 1' என்று பெயர் வைக்க இடமிருக்காது.

கண் சிமிட்டாததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. மூவி கிளிப்புக்குச் சொந்த டைம்லைன் உண்டு, சோதனை ஓட்டத்தில்தான் அது ஓடும். கன்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், சிமிட்டுவாள். கிராஃபிக் சிம்பல் மெயின் டைம்லைனோடு கட்டப்பட்டது, இழுக்கும்போதே அசையும். வாய் அசைவு போலக் குறிப்பிட்ட ஃப்ரேமில் நடந்தாக வேண்டியதற்கு கிராஃபிக்கை வையுங்கள். தானாக நடந்துகொண்டே இருக்க வேண்டியதற்கு மூவி கிளிப்.

சரி, பஞ்சு விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம். நீங்கள் அறிவியல் டீச்சர் என்பதால் பாதி வேலை ஏற்கனவே முடிந்துவிட்டது என்றும் சொல்வேன். சும்மா ட்வீன் கொடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் துளி ஒரே தூரம்தான் நகரும். அது சீரான வேகம். காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால் விழும் பொருள் அப்படி விழாது, அடுத்தடுத்த சம நேரங்களில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும் என்று நீங்களே வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருப்பீர்கள். அதை அப்படியே ஸ்டேஜில், அதாவது வரையும் பரப்பில், எழுதுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 12 ஃப்ரேம் அரை நொடி. மேகத்துக்கும் இலைக்கும் நடுவிலுள்ள உயரத்தைப் பதினாறு பங்காகப் பிரியுங்கள். 1ஆம் ஃப்ரேமில் துளி மேகத்தடியில். 4இல் ஒரு பங்கு கீழே. 7இல் நான்கு பங்கு, 10இல் ஒன்பது, 13இல் பதினாறு, அதாவது இலையில்.

முதல் தடவை இந்த ஐந்து இடங்களிலும் கையாலேயே கீஃப்ரேம் வைத்துச் செய்யுங்கள். ட்வீனின் வேகத்தை மென்பொருளே கூட்டிக் குறைக்கும் ஈஸிங்குக்கு உடனே போய்விடாதீர்கள். கை ஒருமுறை உணர்ந்த பிறகு, நடுவிலுள்ளவற்றை நீக்கிவிட்டு, ட்வீனின் ஈஸ் மதிப்பை மைனஸ் 100 என்று வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே வீழ்ச்சி வரும். மைனஸ் என்றால் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும், பிளஸ் என்றால் வேகமாகத் தொடங்கி அடங்கும். துள்ளி மேலே போகும்போது பிளஸ்.

துள்ளலிலும் இதே கணக்குதான். உயரம் கால் பங்கானால் நேரம் பாதியாகும். 12 ஃப்ரேமில் விழுந்தவள் கால்வாசி உயரத்துக்கு எழும்பினால், ஏற 6, இறங்க 6. அடுத்த துள்ளல் அதிலும் கால் பங்கு, ஏற 3, இறங்க 3. பலரும் எல்லாத் துள்ளலுக்கும் ஒரே அளவு ஃப்ரேம் கொடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் எடை போய்விடுகிறது. இலையில் படும்போது ஒரே ஒரு ஃப்ரேமுக்கு அவளை நசுக்குங்கள். உயரம் குறைகிற அளவுக்கு அகலம் கூட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் காணாமல் போன மாதிரி இருக்கும். நசுக்கும் முன் உருமாற்றப் புள்ளியை (அளவு மாறும்போது நகராமல் நிற்கும் புள்ளி) துளியின் அடியில் வைத்துவிடுங்கள், நடுவில் இருந்தால் இலையை விட்டு மிதப்பாள்.

ஒரு வாரம் இந்தத் துள்ளலை மட்டும் செய்யுங்கள். மேகமும் வெயிலும் காத்திருக்கட்டும்.

நீள்கோடு:

அண்ணா சொன்ன கணக்கை நானும் குறித்துக்கொண்டேன். ஆனால் டீச்சர், பக்கத்தில் ஒரு துளி விழுவதற்கு மட்டும் என்றால் எஸ்விஜி என்ற கோட்டுப்பட வகையில் ஒரு படமும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில் சில வரிகளும் போதும். கோப்பும் மிகச் சிறியது. அப்படிச் செய்தால் இடத்தை மாற்ற சிஎஸ்எஸ்ஸின் டாப், லெஃப்ட் மதிப்புகளைத் தொடாமல், அதிலேயே உள்ள டிரான்ஸ்ஃபார்மைப் பயன்படுத்துங்கள். நொடிக்கு 60 தடவை வரையும் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடிதான். பக்கத்தின் அமைப்பையே ஒவ்வொரு தடவையும் கணக்கிட வைத்தால் பழைய கணினிகளில் திக்கும்.

எந்த வழியில் செய்தாலும் ஒரு வேண்டுகோள். நீர்ச் சுழற்சி என்றால் மின்னலும் வைப்பீர்கள். ஒரு நொடிக்குள் மூன்று தடவைக்கு மேல் பளிச்சிட வைக்காதீர்கள், வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு அது ஆபத்து. இணைய அணுகல் விதிகளிலேயே இது இருக்கிறது. நிறுத்தும் பட்டன் ஒன்றும் கட்டாயம் வையுங்கள். அசைவைப் பார்த்தால் தலைசுற்றுகிறவர்கள் உண்டு, என் தங்கைக்கு அப்படித்தான்.

பழைய டைம்லைன்:

மின்னலைச் சொன்னதற்கு நன்றி தம்பி, எனக்குத் தோன்றவில்லை. சிஎஸ்எஸ் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரே துளி என்றால் நீங்கள் சொல்வது சரி. அரை நிமிடக் கதை, முகபாவம், கையால் வரைந்த படங்கள் என்று வரும்போது ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துத் திருத்த டைம்லைன் வேண்டும். வரைகிறவர் வரைந்தபடியே கற்கட்டும்.

வகுப்பறைச்சித்திரம்:

ஆறு நாளாகத் துள்ளல் மட்டும்தான் செய்தேன். எஃப்5தான் காரணம், சரியாகச் சொன்னீர்கள். பதினாறு பங்கை ஸ்டேஜில் கோடு போட்டு வைத்துக்கொண்டு செய்தேன். நான்காவது முயற்சியில் நிஜமாகவே விழுந்தாள்! இத்தனை வருடம் சூத்திரமாகவே சொல்லிக்கொடுத்ததைக் கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. வகுப்பில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திக் காட்டினேன், பிள்ளைகளே தூரத்தை அளந்து 1, 3, 5, 7 என்று கண்டுபிடித்தார்கள்.

இரண்டு சந்தேகம் மிச்சம். பக்கத்தில் போட்டால் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. அப்புறம், துளி ஆவியாக மாறும் இடத்தில், ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் ஷேப் ட்வீன் கொடுக்க வரவில்லை.

பழைய டைம்லைன்:

பிள்ளைகள் அளந்தார்கள் என்று படித்ததும் எனக்கும் மனது நிறைந்துவிட்டது டீச்சர்.

மறுபடி ஓடாமலிருக்க, பப்ளிஷ் செட்டிங்ஸில் 'லூப் டைம்லைன்' டிக்கை எடுத்துவிடுங்கள். ஷேப் ட்வீன் சிம்பலில் வேலை செய்யாது, வெறும் வடிவத்தில்தான் செய்யும். துளியின் கடைசி ஃப்ரேமுக்கு அடுத்து, புது லேயரில் அதே இடத்தில் ஒரு நகல் வைத்து, கன்ட்ரோல் பி அழுத்தி உடையுங்கள். முகமும் ஒரு சிம்பலாக இருந்தால் இன்னொரு தடவை அழுத்த வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் முகத்தை அதற்கு முன்பே தனி லேயருக்கு மாற்றி மெல்ல மறைய விடுங்கள், கண்ணும் வாயும் உருகிக் கலந்தால் சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள். மாறும்போது வடிவம் முறுக்கிக்கொண்டால், எந்த இடம் எந்த இடமாக மாற வேண்டும் என்று காட்டும் ஷேப் ஹின்ட் புள்ளிகளை வையுங்கள். துளியின் நுனியில் ஒன்று, அடியில் ஒன்று போதும். தொடக்கத்தில் மஞ்சளாகவும் முடிவில் பச்சையாகவும் மாறினால் சரியாக விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. சிவப்பாகவே இருந்தால் இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள்.