மல்யுத்தக் கோச்மார்: சந்திக்கும்போது எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது

மெத்தைக்கரை:

கொழும்பில் பிள்ளையை மல்யுத்தத்துக்கு விட வரும் தாய் தகப்பன் வாசலிலேயே கேட்பது, "சேர் என்ன பதக்கம் எடுத்தவர்?" கேட்கத்தான் வேணும். அதோடு நிற்பாட்டினால் பாதிதான் தெரியும். அவர் யாரிடம் பழகினார், அவரிடம் பழகினவர்கள் என்ன ஆனார்கள் என்ற இரண்டையும் கேட்டால்தான் கோச்சின் பின்னணி விளங்கும்.

அமெரிக்க மல்யுத்த வீரரும் கோச்சுமான டான் கேபிளை எடுங்கோ. கல்லூரிக் காலத்தில் அவர் தோற்றது ஒரே ஒரு முறை: 1970 தேசிய இறுதியில் லாரி ஓவிங்ஸிடம், 13–11. இரண்டு வருசம் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் 68 கிலோவில் எதிராளி யாருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம். கோச்சாக அவரை அளக்க வேறு கணக்கு இருக்கிறது. அயோவா பல்கலைக்கழகத்தில் 21 பருவம், 15 தேசியக் குழுப் பட்டம், இரு அணி மோதல்களில் 355 வெற்றி, 21 தோல்வி, 5 சமநிலை. அவரிடம் வளர்ந்த டொம் பிரான்ட்ஸ் 1996 அட்லாண்டாவில் தங்கம் எடுத்தார். 2006இல் அதே அயோவாவுக்குத் தலைமைக் கோச்சாக வந்து 2008, 2009, 2010, 2021 என நாலு பட்டம் வென்றார். மாணவன் கோச்சாகியும் வெல்கிறான் என்றால், குரு கற்றுக்கொடுத்தது ஒரு பிடியோடு நிற்கவில்லை என்று அர்த்தம்.

அதே கேபிள் பழக்கிய அமெரிக்க ஃப்ரீஸ்டைல் (காலையும் பிடிக்கலாம் என்ற வகை) அணி 1984 லொஸ் ஏஞ்சல்ஸில் ஏழு தங்கம் எடுத்தது. பெரிய எண்ணிக்கைதான், ஆனால் சோவியத் அணி அந்த ஒலிம்பிக்குக்கு வரவேயில்லை. நம்மூர்க் கோச் ஒருவர் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழுக்கும் இதே கேள்விதான்: எந்த ஆண்டு, எந்த எடை, எத்தனை பேர் இறங்கினார்கள்? மூன்று பேர் மட்டும் போட்டியிட்ட எடைப் பிரிவில் வெண்கலம் எடுப்பது பெரிய காரியமில்லை.

மறுபக்கம் மகாவீர் சிங் போகாட். பன்னாட்டுப் பதக்கம் எதுவும் இல்லாத மனிதர். ஹரியானாவின் பலாலி கிராமத்தில் சொந்த மகள்மாரைப் பழக்கினார். கீதா 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டில் 55 கிலோவில் தங்கம். இந்தியப் பெண் ஒருத்தி அந்தப் போட்டியில் மல்யுத்தத்தில் எடுத்த முதல் தங்கம் அது. பபிதா அதே போட்டியில் வெள்ளி, 2014 கிளாஸ்கோவில் தங்கம். தகப்பனுக்கு 2016இல், கோச்மாருக்கு இந்திய அரசு கொடுக்கும் துரோணாச்சாரியார் விருது. பதக்கத்தை மட்டும் கேட்கிற பெற்றோர் இவரிடம் பிள்ளையை விட்டிருக்கவே மாட்டார்கள்.

சிங்கிள்லெக்:

மெத்தைக்கரை அண்ணை சொன்னதில் "யாரிடம் பழகினார்" என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டில்லியில் குரு ஹனுமான், அவரிடம் சத்பால் சிங் (1982 டில்லி ஆசிய விளையாட்டில் 100 கிலோ தங்கம்), சத்பாலிடம் சத்ரசால் அரங்கில் வளர்ந்தவர் சுஷில் குமார் (ஒலிம்பிக்கில் 2008 வெண்கலம், 2012 வெள்ளி). தலைமுறை தலைமுறையாக ஓடுகிற சங்கிலி இது. அந்த அரங்கிலிருந்துதான் 2021 டோக்கியோவில் ரவி தஹியா வெள்ளியும், 2024 பாரிஸில் அமன் ஷெராவத் வெண்கலமும் எடுத்தார்கள், இருவரும் 57 கிலோ.

கொழும்பில் கோச்மார் பெரும்பாலும் படைப்பிரிவு, பள்ளிக்கூடம், ஜூடோ ஆகிய மூன்று வழியில் ஒன்றில் வருகிறார்கள். எங்கிருந்து வந்தார் என்பது அவருடைய மாணவனின் உடம்பில் தெரியும். ஜூடோவிலிருந்து வந்தவரிடம் தூக்கி எறிதலும் பிடி உடைத்தலும் பிரமாதமாக இருக்கும். ஆனால் அங்கே குப்புறச் சுருண்டு கிடந்தால் நடுவர் கொஞ்ச நேரத்தில் எழுப்பிவிடுவார். இங்கே அப்படிக் கிடந்தால் பின்னுக்கு வந்ததற்கு எதிராளிக்கு 2, இடுப்பைக் கட்டி உருட்டும் ஒவ்வொரு கட் றென்சுக்கும் இன்னும் 2. நாலு உருட்டில் ஃப்ரீஸ்டைலில் 10 புள்ளி வித்தியாசம் வந்து ஆட்டமே முடிந்துவிடும். இடுப்புக்குக் கீழே பிடிக்கக்கூடாத கிரேக்கோ-ரோமன் வகையில் 8 போதும். எறிந்த வேகத்தில் தானும் முதுகில் உருளுகிற ஜூடோப் பழக்கமும் எதிராளிக்குப் புள்ளிதான். அப்படியான கோச்சிடம், "தரைப் பாதுகாப்பை எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கோ. முதல் மாதத்தில் என்றால் ஆள் ஜூடோவோடு நிற்காமல் மல்யுத்தத்தையும் ஒழுங்காகப் படித்திருக்கிறார்.

இந்தியக் குஸ்தி மாதிரி மண் களத்தில் பழகினவர்களின் சிக்கல் வேறு. அங்கே புள்ளி இல்லை, முதுகை மண்ணில் வைத்தால்தான் வெற்றி. லங்கோட்டைப் பிடித்து இழுக்கலாம். மெத்தையில் உடுப்பைப் பிடித்தால் தவறு. வளையத்துக்கு வெளியே ஒரு கால் போனாலே 1 புள்ளி போகும். மண்ணில் வளர்ந்தவனுக்கு அந்த ஓரக் கோட்டின் நினைவே வராது.

படைப்பிரிவுக் கோச்மாரின் பலம் ஒழுங்கு. பலவீனம், முழுநேரமும் பயிற்சி எடுக்கிற 24 வயது வீரனுக்கான சுமையைப் பள்ளி முடிந்து பஸ் ஏறி வருகிற 13 வயதுப் பிள்ளைக்கும் கொடுப்பது. கழுத்தும் முழங்காலும்தான் முதலில் போகும்.

இன்னொன்று. பெரிய வீரர் கோச்சானால் தன் பிடியையே எல்லாருக்கும் திணிக்கிறாரா என்று பாருங்கோ. அமெரிக்காவின் ஜோன் சிமித் (1988, 1992 ஒலிம்பிக் தங்கம்) உலகத்துக்குக் காட்டியது லோ சிங்கிள் என்ற ஒற்றைக் கால் பிடி: தலையை வெளிப்பக்கம் வைத்து, முழங்காலுக்குக் கீழே இறங்கி, குதிகாலைக் கையால் பொத்தி, தோளால் கணைக்காலை முன்தள்ளுவது. கை குதிகாலை எட்டி, இடுப்பு மட்டும் பின்னுக்கு நின்றுவிட்டால், எதிராளி சுற்றிப் பின்னால் வந்து 2 எடுத்துவிடுவான். நீளக் கையும் நெகிழ்ந்த இடுப்பும் உள்ள பிள்ளைக்கு அது சரி. கட்டையாக, தொடை பெருத்த பிள்ளைக்கு டபுள் லெக் (இரண்டு காலையும் சேர்த்துப் பிடிப்பது) கொடுக்கிறவர்தான் கோச்.

விசில்:

நான் போட்டியில் புள்ளி எழுதும் மேசைப் பக்கத்து ஆள், அதனால் கோணர், அதாவது கோச் இருக்கும் மெத்தை மூலை, பற்றி மட்டும்.

போட்டியன்று கோச்சின் வேலை கத்துவதில்லை. ஆறு நிமிசம், மூன்று மூன்றாக இரண்டு பகுதி, நடுவில் 30 விநாடி. சிறுவருக்கு இரண்டு இரண்டு நிமிசம். அந்த 30 விநாடியில் நல்ல கோச் முதலில் மூச்சு வாங்க விடுவார், பிறகு ஒரேயொரு விசயம் சொல்வார். ஆறு விசயம் சொன்னால் பிள்ளை எதையும் செய்யாது.

அடுத்தது சலஞ்ச். நடுவர் தீர்ப்பு பிழை என்று தோன்றினால் கோச் பஞ்சுக் கட்டையை மெத்தைக்குள் எறிவார், வீடியோ பார்க்கப்படும். சரியென்றால் உரிமை மிஞ்சும். பிழையென்றால் எதிராளிக்கு 1 புள்ளி, உரிமையும் போய்விடும். வீரன் வேண்டாம் என்று சொல்லவும் முடியும். 3–2 என்று முன்னால் நிற்கும்போது கோபத்தில் எறிகிற கோச் 3–3 ஆக்கிக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

2016 ரியோ, 65 கிலோ வெண்கலப் போட்டி. மங்கோலியாவின் கன்சோரிக் 7–6 என்று முன்னால். கடைசி விநாடிகளில் மோதாமல் ஓடிக் கொண்டாடத் தொடங்கினார். ஓடியதற்குத் தண்டனைப் புள்ளி, 7–7. கோச்மார் சலஞ்ச் கேட்டார்கள், தோற்றது, உஸ்பெகிஸ்தானின் நவ்ரூசோவுக்கு 8–7. இரண்டு கோச்மாரும் மெத்தையோரத்தில் உடுப்பைக் கழற்றி எறிந்து எதிர்ப்புக் காட்டினார்கள். பதக்கம் திரும்பவில்லை. பத்து விநாடி இருக்கையில் "நடுவில் நில், கையைப் பிடி" என்று சொல்லிப் பழக்கியிருக்க வேண்டியது கோச்.

தெமட்டகொடை அம்மா:

மகளுக்கு 12 வயது, 43 கிலோ. 40க்கு இறக்கலாம் என்று சொல்கிறார்கள். சரிதானா?

மெத்தைக்கரை:

இல்லை அக்கா. வளருகிற பிள்ளையை எடை இறக்கச் சொல்லாமல் இருக்கிறாரா என்பதே கோச்சை அளக்கும் முதல் அளவுகோல்.

பெரியவர்களுக்கே இது எப்படிப் பிழைக்கும் என்பதற்கு 2024 பாரிஸ் போதும். இந்தியாவின் வினேஷ் போகாட் வழக்கமாக 53 கிலோ, அங்கே 50இல் இறங்கினார். முதல் மோதலிலேயே அதுவரை பன்னாட்டு மெத்தையில் தோற்காத ஜப்பானின் யுய் சுசாகியை வென்று இறுதிக்குப் போனார். இரண்டு நாள் போட்டியில் இரண்டாம் நாள் காலையும் எடை பார்ப்பார்கள். முதல் நாள் மோதல்களுக்கு இடையில் சாப்பிட்டுக் குடித்ததில் ஏறின எடையை இரவு முழுக்க இறக்கியும் காலையில் 100 கிராம் கூட. விதிப்படி கடைசி இடம். அதே அணியில் அமன் ஷெராவத் அரையிறுதி முடிந்து 61.5 கிலோவில் நின்றார். கோச்மார் ஜக்மந்தர் சிங்கும் வீரேந்தர் தஹியாவும் பத்து மணித்தியாலத்தில் 4.6 கிலோ இறக்கினார்கள். மெத்தைப் பயிற்சி, வெந்நீர்க் குளியல், சோனா (வியர்க்க வைக்கும் சூட்டறை), ட்ரெட்மில். வைத்தியர் பக்கத்தில் நிற்கும் ஒலிம்பிக் அணி அது. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் செய்யக்கூடாது.

அமெரிக்கக் கல்லூரிகளில் 1997இல் எடை இறக்கப் போய் மூன்று மாணவர் இறந்தார்கள். அதன்பிறகுதான் றப்பர் உடுப்பும் சோனாவும் தடையாகி, உடலில் தண்ணீர் அளவு சோதனை வந்தது. ஒரு கிழமைக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் இறக்கக்கூடாது என்பது அங்கே விதி. 60 கிலோ ஆளுக்கு 900 கிராம். உங்கள் மகளின் 3 கிலோ, உடம்பில் ஏறத்தாழ 7 சதவீதம்.

சேர் கேட்டால், "வளருகிற பிள்ளை, 43க்குப் பொருந்துகிற பிரிவிலேயே போட்டியிட விடுங்கோ சேர்" என்று சொல்லுங்கோ. முகம் சுளித்தால் வேறு மண்டபம் பார்க்கலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து எழுதி வைக்கிற கோச் கிடைத்தால் விடாதீங்கோ. ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை, ஒரேயடியாக இல்லாமல், குடிக்க வேணும்.

கையுறை இல்லாதவர்:

யாரும் மெத்தையைப் பற்றிச் சொல்லவில்லையே. கொழும்பு வெக்கையில் படை பரவுவதற்கு மெத்தை மாதிரி இடமில்லை. கோச்சின் தரத்தை ஐந்து நிமிசத்தில் காட்டுவது இதுதான். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் மெத்தை துடைக்கிறார்களா? ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 மில்லிலீற்றர் புளீச், அன்றன்று புதிதாகக் கலந்தது, பத்து நிமிசம் ஈரமாக விட்டு, நன்றாகக் காய்ந்தபிறகு ஏறுவது. மெத்தைச் சப்பாத்தோடு கழிப்பறைக்குப் போகிற பிள்ளையைத் தடுக்கிறாரா? நகம் பார்க்கிறாரா? வட்டமாகச் சிவந்த தோல் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறாரா? இதையெல்லாம் செய்யாதவர் உலக சம்பியனாக இருந்தாலும் பிள்ளை சொறிந்துகொண்டு திரும்பி வரும்.

சிங்கிள்லெக்:

கடைசியாகச் சான்றிதழ். உலகச் சம்மேளனமான யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங் நடத்தும் கோச் படிப்பு நிலை 1, 2, 3 என்று போகும். "லெவல் வன்" என்று மட்டும் சொன்னால் எந்த நிறுவனத்தின் லெவல் வன் என்று கேளுங்கோ. டொரிங்டன் பக்கம் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனத்தின் படிப்பும் மல்யுத்தச் சம்மேளனத்தின் இரண்டு நாள் பட்டறையும் ஒன்றல்ல. "தேசியக் கோச்" என்றால் எந்த ஆண்டு, சீனியரா ஜூனியரா, ஃப்ரீஸ்டைலா கிரேக்கோவா, பெண்கள் அணியா? பன்னாட்டுப் போட்டிக்குப் போன மாணவர் பெயர் சொன்னால் உலகச் சம்மேளன இணையத்தளத்தில் தேடலாம்.

பெண் பிள்ளை என்றால், தாய் தகப்பன் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருக்க விடுவாரா என்றும் கேளுங்கோ. ஒலிம்பிக் சம்பியன்களைப் பழக்கிய ஜப்பானின் கசுஹிதோ சகாயேகூட, கவோரி இச்சோவை நடத்திய விதத்துக்காக 2018இல் பதவி விலக வேண்டி வந்தது. பதக்கம் எத்தனை இருந்தாலும் பயிற்சி நேரத்தில் கதவு திறந்திருக்க வேணும்.

இலங்கையின் நெத்மி பொருத்தொட்டகே 2022 பேர்மிங்காம் பொதுநலவாயப் போட்டியில் 57 கிலோவில் வெண்கலம் எடுத்தபிறகு பெண்கள் பக்கம் ஆர்வம் கூடியிருக்கிறது. ஆனால் 2026 கிளாஸ்கோ பொதுநலவாயப் போட்டியில் மல்யுத்தம் இல்லை. "2026 பொதுநலவாயத்துக்கு அனுப்புவேன்" என்று சொன்ன கோச் அட்டவணையே பார்க்காதவர். பள்ளி மட்டம், தேசிய ஜூனியர், பிறகு ஆசிய வயதுப் பிரிவுப் போட்டிகள் என்று வரிசையாகச் சொல்கிறவரிடம் பெயரைப் பதியுங்கோ.