ஆர்சிஏ மட்டும் இருக்கும் கன்ட்ரோலர் மேடைக்கு ஆகுமா ஆகாதா?

#1 ஏகாம்பரம்_எக்ஸ்எல்ஆர்
பக்கத்து இழையில் ஒருவர் திருவாய் மலர்ந்திருக்கிறார்: "மொபைல் டிஜேக்கு டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 தாராளம். ஆர்சிஏவை மிக்ஸரில் குத்தினால் வேலை முடிந்தது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அது லேப்டாப்போடு சேர்ந்து பாட்டுக் கலக்கும் டிஜே கன்ட்ரோலர். அதில் ஸ்பீக்கர் பக்கம் போகும் மாஸ்டர் அவுட், வீட்டு ஆடியோக் கருவிகளில் வரும் ஆர்சிஏ பிளக் மட்டும்தான். எக்ஸ்எல்ஆரும் (மேடைக் கருவிகளின் மூன்று பின் பிளக்) இல்லை, பூத் அவுட்டும் (டிஜே தான் கேட்கும் ஸ்பீக்கருக்கான தனி வழி) இல்லை. ஆர்சிஏ என்பது அன்பேலன்ஸ்டு: நடுவில் ஒரு கம்பி, சுற்றி ஷீல்டு என்னும் உலோக உறை. சிக்னல் திரும்பி வருவதும் அந்த ஷீல்டு வழியாகத்தான். பக்கத்தில் லைட் டிம்மரோ பவர் கேபிளோ ஓடினால் இரைச்சல் நேராகப் பாட்டோடு கலந்துவிடும். ஐந்தாறு மீட்டருக்கு மேல் ஆர்சிஏ இழுப்பவர் பெரிய தைரியசாலி. எக்ஸ்எல்ஆரில் 30 மீட்டர் இழுத்தாலும் கவலை இல்லை. லெவல், அதாவது சிக்னல் வலிமைக் கணக்கும் பாருங்கள்: ஆர்சிஏ மைனஸ் 10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். தொழில்முறைக் கருவிகள் பிளஸ் 4 டிபியூ, 1.23 வோல்ட். கிட்டத்தட்ட 12 டிபி (டெசிபல்) பள்ளம். டிடிஜே-1000 மாதிரி எக்ஸ்எல்ஆர் உள்ளதை வாங்குங்கள். இதில் பேச ஒன்றுமில்லை.

#2 சும்மா_ஃபேடர்
அந்தத் திருவாய் என்னோடதுதான், வணக்கம். அடுத்த வரியை வசதியா விட்டுட்டீங்களே. "மிக்ஸரை மேசையிலேயே வைங்க"ன்னும் எழுதியிருந்தேன். கன்ட்ரோலர்ல இருந்து மிக்ஸருக்கு ஒன்றரை மீட்டர் ஆர்சிஏ. மிக்ஸர்ல இருந்து ஸ்பீக்கருக்கு எக்ஸ்எல்ஆர். ஒன்றரை மீட்டர்ல எந்த டிம்மர் வந்து நுழையப்போகுது?

0.316 வோல்ட் எல்லாம் வீட்டு டேப் டெக் கணக்கு. சாதா சிடி பிளேயரோட ஆர்சிஏவே உச்சத்துல 2 வோல்ட் தரும். மிச்சத்துக்கு மிக்ஸர்ல சிக்னலைக் கூட்டற கெயின்னு ஒரு குமிழ் இருக்கு, திருப்பிப் பாருங்க.

இன்னொண்ணு. மைக்கைக் கன்ட்ரோலர்ல சொருகினா, யூஎஸ்பில பவர் எடுக்கிற கருவியில லேப்டாப் படுத்ததும் மைக்கும் படுத்துடும். "ஒரு நிமிஷம் பொறுங்க"ன்னு சொல்லக்கூட வழி இருக்காது. மைக் மிக்ஸர்ல இருந்தா பேசிக்கிட்டே லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணலாம். மிக்ஸரோட இன்னொரு சேனல்ல போனைச் சொருகி வச்சா பாட்டும் ஓடும்.

#3 ஏகாம்பரம்_எக்ஸ்எல்ஆர்
ஆக, மிக்ஸர் இல்லாமல் உங்கள் கன்ட்ரோலர் நொண்டி என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி. 12 டிபி பற்றிப் பதில் இல்லை.

#4 சும்மா_ஃபேடர்
பதில் மேலே இருக்கு. கெயின் குமிழ்.

#5 ஏகாம்பரம்_எக்ஸ்எல்ஆர்
கெயினை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும் என்பது அரிச்சுவடி. பென்டிரைவ் இழையில் "எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ்2 என்டிஎஃப்எஸ் படிக்கும்" என்று மூன்று பக்கம் சாதித்தவரிடம் அரிச்சுவடி எதிர்பார்ப்பது என் தவறு. பென்டிரைவை ஃபார்மட் செய்யும் அந்த ரெண்டு முறைகளில், அந்த டிஜே கருவி கேட்பது ஃபேட்32 ஐயா.

#6 சும்மா_ஃபேடர்
வந்துட்டாரு. ஒரு வருஷமா அந்த என்டிஎஃப்எஸ்ஸை மடியில கட்டிக்கிட்டுத் திரியறீங்க.

#7 நாப்_நாயகி
ரெண்டு பேரும் எக்ஸ்எல்ஆர் எக்ஸ்எல்ஆர் என்கிறீர்கள். எக்ஸ்எல்ஆர் ஒரு பிளக். பேலன்ஸ்டு என்பது ரெண்டு கம்பிகளின் வித்தியாசத்தை எடுத்து இரைச்சலைக் கழிக்கும், உள்ளே இருக்கும் சர்க்யூட். கடையில் கிடைக்கும் ஆர்சிஏ டு எக்ஸ்எல்ஆர் கேபிளில் பெரும்பாலும் 3ஆம் பின்னையும் 1ஆம் பின்னையும் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். முனையில் எக்ஸ்எல்ஆர் இருந்தாலும் அது அன்பேலன்ஸ்டுதான்.

நீங்களே கட்டுவதானால் ஷீல்டுக்குள் இரட்டைக் கம்பி இருக்கும் மைக் கேபிளை எடுங்கள். ஆர்சிஏ நடுமுனையிலிருந்து ஒரு கம்பி 2ஆம் பின்னுக்கு. ஆர்சிஏ வெளிவளையத்தில் இன்னொரு கம்பியையும் ஷீல்டையும் சேர்த்துப் பற்றவையுங்கள். எக்ஸ்எல்ஆர் பக்கம் வந்ததும் அவை பிரிய வேண்டும்: கம்பி 3க்கு, ஷீல்டு 1க்கு. கிரவுண்டில் ஓடும் கரண்ட் ஷீல்டோடு போய்விடும், மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட் 2க்கும் 3க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். சில மீட்டருக்கு இது போதும். அதைவிடத் தூரமென்றால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாசிவ் டிஐ பாக்ஸ் (அன்பேலன்ஸ்டு சிக்னலைப் பேலன்ஸ்டாக்கும், பவர் வேண்டாத பெட்டி), இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. கிரவுண்டைப் பிரிக்க நடுவில் சொருகும் மலிவு ஐசொலேட்டர் வேண்டாம். உள்ளே கோர் சின்னது, பேஸ் கூடினால் திணறி ஒலி கலங்கும்.

#8 ஏகாம்பரம்_எக்ஸ்எல்ஆர்
அம்மணி சொல்வது அழகு. பற்றவைப்புக் கோல், இரட்டைக் கம்பி, ரெண்டு டிஐ பாக்ஸ், ஒரு மிக்ஸர். இத்தனையும் எதற்கு? ஒரு எக்ஸ்எல்ஆர் அவுட் இல்லாத குறைக்கு!

#9 நாப்_நாயகி
அம்மணி கிம்மணி வேண்டாம், பெயர் மேலே இருக்கிறது. உங்கள் டிடிஜே-1000ஐ மேடை மிக்ஸரில் மைக் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) உள்ள எக்ஸ்எல்ஆரில் சொருகுவீர்களா, லைன் இன்புட்டிலா? பேட் (சிக்னலைக் குறைக்கும் சுவிட்ச்) இல்லாத பிரீஆம்ப் என்றால் சிவப்பு எரிந்து ஒலி சிதையும். அங்கே மைக்குக்குக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் ஆனில் இருந்தால் அது நேராக உங்கள் அவுட்புட்டைத் தேடி வரும். நடுவில் டிஐ பாக்ஸ் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் தடுக்கும். ஆக உங்களுக்கும் அந்தப் பெட்டி தேவைதான்.

#10 புதுக்கை_பிட்ச்
ஒரு சின்ன சந்தேகம். "மொபைல்"னு சொல்றது எவ்வளவு பெரிய இடம்? 60 பேர் அறையா, திறந்தவெளியா? அப்புறம் "மிக்ஸர்"னா ஒருத்தர் டிஜே மிக்ஸரைச் சொல்ற மாதிரியும் இன்னொருத்தர் மைக் சொருகும் சின்ன ஆடியோ மிக்ஸரைச் சொல்ற மாதிரியும் தெரியுது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதா?

#11 பாஸ்_பாண்டி
என்னத்துக்குய்யா இவ்ளோ பேச்சு. இரைச்சல் வந்தா லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கு, நின்னுடும். பிடுங்க முடியலைன்னா எர்த் பின்னை உடைச்சு விடு. சுத்தமா இருக்கும்.

#12 நாப்_நாயகி
பாண்டி, முதல் பாதி சரி. சார்ஜரைப் பிடுங்கி நின்றால் கிரவுண்ட் லூப் (கருவிகளின் எர்த் வழியே சுற்றி ஓடும் கரண்ட்) என்று கண்டுபிடித்தாயிற்று. ரெண்டாம் பாதியை யாரும் செய்யாதீர்கள். இன்சுலேஷன் விட்டால் கரண்ட் போக வேறு வழி இருக்காது, மைக்கைப் பிடித்தவர் உடம்பு வழியாகப் போகும். லேப்டாப், மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து பவர் எடுங்கள். அப்பவும் நிற்கவில்லை என்றால் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்).

#13 பாஸ்_பாண்டி
இத்தனை மேடையில ஒண்ணும் ஆகலையே. புத்தகம் படிச்சவங்களுக்குப் பயம் ஜாஸ்தி.

#14 சும்மா_ஃபேடர்
பாண்டி அண்ணே, இந்த விஷயத்துல நான் நாயகி பக்கம். எர்த்தோட விளையாடாதீங்க.

#15 ஏகாம்பரம்_எக்ஸ்எல்ஆர்
பார்த்தீர்களா, ஆர்சிஏவை நம்பியதால் உயிர்ப்பிரச்சினை வரை வந்துவிட்டது. 12 டிபியை யாரும் தொடவில்லை. ஆர்சிஏக்காரர்கள் செய்யும் இன்னொரு கூத்து: சத்தம் குறைகிறது என்று ஆக்டிவ் ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் சுவிட்சை லைனிலிருந்து மைக்குக்குத் தள்ளுவார்கள். சத்தம் வரும், கூடவே 'உஸ்ஸ்' என்று இரைச்சல் வரும், முதல் கிக் டிரம்மிலேயே ஒலி சிதையும். செய்ய வேண்டியது இதுதான்: சேனலுக்குள் வரும் அளவைத் திருத்தும் டிரிம் குமிழில் சேனல் மீட்டரைப் பச்சையில் நிறுத்தி, உச்சத்தில் மட்டும் ஆரஞ்சு தொட விடுங்கள். சிவப்பு கூடாது. மாஸ்டருக்கும் அதே கதி. கடைசியில்தான் ஸ்பீக்கர் குமிழ்.

#16 சும்மா_ஃபேடர்
இது அத்தனையும் ஆர்சிஏவுக்கும் அப்படியே பொருந்துமே! டிரிம்மை ஒழுங்கா வச்சா உங்க 12 டிபி எங்க போச்சு? அப்புறம் ரெண்டு எக்ஸ்எல்ஆர் அவுட் இருக்குன்னு, ஒரே ஸ்பீக்கர் உள்ள இடத்துல ஒய் கேபிள் போட்டு இடது வலதைச் சேர்க்கிறது உங்க கூட்டம்தான். ஒரு அவுட்புட்டை இன்னொண்ணோட முட்டவிடறீங்க. மிக்ஸர் இருந்தா ரெண்டு சேனலையும் நடுவுல பேன் பண்ணி மோனோவா அனுப்பிட்டுப் போகலாம்.

#17 ஏகாம்பரம்_எக்ஸ்எல்ஆர்
ஒய் கேபிள் பற்றி நான் எங்கே சொன்னேன்? சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது உங்கள் பழைய பழக்கம். சரி, மிக்ஸருக்கே வருகிறேன். மேசையில் இன்னொரு கருவி, இன்னொரு அடாப்டர், இன்னும் நாலு பிளக். எதுவாவது ஆடித் தளர்ந்தால் இருட்டில் தடவ வேண்டும். ஆர்சிஏ பிளக்குக்குப் பூட்டும் கிடையாது. கால் பட்டால் கையோடு வந்துவிடும், அதிலும் சிக்னலுக்கு முன்னால் கிரவுண்டு கழன்றால் ஸ்பீக்கரில் இடி. எக்ஸ்எல்ஆர் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும், 1ஆம் பின் முதலில் தொடும்படி செய்திருப்பார்கள். இதற்கு என்ன பதில்?

#18 நாப்_நாயகி
பூட்டு விஷயத்தில் ஏகாம்பரம் சொல்வது உண்மை. மேசைக்காலில் கேபிளை ஒரு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டினால் முக்கால்வாசி தீரும். ஆனால் முதலில் கழல்வது யூஎஸ்பி கேபிள். அதற்கு எந்த எக்ஸ்எல்ஆரும் உதவாது. பவர் இல்லாத ஹப்பில் சொருகாதீர்கள். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான், அதை நாலு பேர் பங்கு போட்டால் கன்ட்ரோலர் நடுவில் கண்ணை மூடும். விண்டோஸில் பவர் மிச்சம் பிடிக்க போர்ட்டை உறங்க வைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணையுங்கள். லேப்டாப் ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலித் துண்டான பஃபர் 256 சாம்பிள் போதும். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 5.8 மில்லிசெகண்டு தாமதம். வெட்டி வெட்டிக் கேட்டால் 512.

#19 பாஸ்_பாண்டி
லேப்டாப்பே வேண்டாம். டெனான் பிரைம் கோ வாங்கு. பேட்டரி உள்ளேயே இருக்கு, எக்ஸ்எல்ஆரும் இருக்கு, மைக் ரெண்டு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க.

#20 ஏகாம்பரம்_எக்ஸ்எல்ஆர்
பாண்டிக்கே எக்ஸ்எல்ஆர் வேண்டியிருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்.

#21 சும்மா_ஃபேடர்
அவரு பேட்டரியைச் சொன்னாரு. நீங்க எதைப் படிச்சாலும் எக்ஸ்எல்ஆர்தான் தெரியுது.

#22 ஏகாம்பரம்_எக்ஸ்எல்ஆர்
இரவு நேரமாகிவிட்டது. 9ஆம் பதிவின் ஃபேண்டம் பூச்சாண்டிக்கும் 16ஆம் பதிவின் அவதூறுக்கும் நாளைக் காலை தனித்தனியாக வருகிறேன். 12 டிபி அப்படியே நிற்கிறது.