பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கா? பழைய பைக் வச்சிருக்கவங்க சொல்லுங்க
அண்ணன்மாரே, மியான்மர்ல மோல்மீன் பக்கம் கார்பரேட்டர் பைக் ஓட்டுறவங்க யாராச்சும் இருக்கீங்களா? மழை ஆரம்பிச்சதுலேர்ந்து காலைல ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது, கழட்டிப் பாத்தா கார்பரேட்டர்ல பெட்ரோல் தேங்குற கிண்ணம் (ஃப்ளோட் பவுல்) அடில வெள்ளையா பொடி, பெட்ரோல் ஓஸ் உப்பி கொழகொழன்னு கெடக்கு. ரோட்டோரம் பாட்டில்ல விக்கிற பெட்ரோல் 100 மில்லி எடுத்து 10 மில்லி தண்ணி ஊத்தி குலுக்கி வச்சேன், அடில தண்ணி மட்டம் 10ஐ தாண்டி நல்லா ஏறிடுச்சு, எத்தனால் தண்ணியோட சேந்துக்கும்ல, அப்போ அது இருக்குன்னுதானே அர்த்தம்? அது காத்துல இருக்க ஈரத்த இழுக்கும், நம்ம ஊர் மழைக்குக் கேக்கவா வேணும்! சென்னைல மச்சான் இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) தான் போடுறாரு, புது வண்டி, மைலேஜ் கொஞ்சம் கொறையுதுங்கிறாரு அவ்ளோதான். என் வண்டிக்கு ஓஸ், ஓரிங் எல்லாம் எத்தனால் தாங்குற வைட்டான் ரப்பர்ல மாத்துனா போதுமா, இங்க எங்க கிடைக்கும்? மெக்கானிக் டேங்க்கையே மாத்தச் சொல்றாரு, அத நான் நம்பல.