மாமனார் லேப்டாப்பில் மூணு ஆன்டிவைரஸ்: எதைத் தூக்கறது?

செம்பூர்_மாப்பிள்ளை:
மாமனாருக்கு 74 வயசு. மாட்டுங்காவில் இருக்கார். ரயில்வே ஆடிட்டில் ஓய்வு பெற்றவர். லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம். அதில் மூணு ஆன்டிவைரஸ். ஒண்ணு லேமிங்டன் ரோடு கடைப் பையன் போட்டுக் கொடுத்தது. ஒண்ணு ஏதோ பிடிஎஃப் ரீடரை இறக்கும்போது ஒட்டிக்கிட்டு வந்தது. மூணாவது அவரே 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினது.

பட்டனைத் தட்டிட்டு, டிகாக்‌ஷன் இறக்கி, காபி குடிச்சு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துட்டு வந்தாத்தான் டெஸ்க்டாப் தெரியும். கேட்டா, "செக்யூரிட்டி செக் மாப்பிள்ளை, ஏர்போர்ட்ல நிக்கறேளோல்லியோ?"ங்கறார்.

தினம் காலையில் ஸ்கேன். வர்ற கணக்கை டைரியில் ஏத்துவார்: தேதி, நேரம், பிடிபட்டது, எடுத்த நடவடிக்கை. மாசக் கடைசியில் கூட்டுத்தொகை, அடியில் சிவப்பு மையில் ரெண்டு கோடு. ஜனவரியில் மட்டும் 9,412. போன ஞாயிறு ஒரு ஆன்டிவைரஸ் இன்னொண்ணோட ஃபைலையே வைரஸ்னு பிடிச்சு அடைச்சிடுச்சு. அதுக்கும் டைரியில் பதிவு இருக்கு: "1, உள்ளாள்."

இத்தனைக்கும் வலது மூலையில் நிமிஷத்துக்கு ஒரு பெட்டி எட்டிப் பார்த்து "உங்கள் கணினியில் 5 வைரஸ்"ங்குது. மூணு வாட்ச்மேன் இருந்தும் இது எப்படி?

ராம்_ரிப்பேர்:
மூணையும் தூக்குங்க. விண்டோஸ் 10, 11 ரெண்டிலும் டிஃபெண்டர்னு ஒரு ஆன்டிவைரஸ் கூடவே வருது, காசு கிடையாது. வேற ஆன்டிவைரஸ் போட்டா அது தானா ஒதுங்கிக்கும். உங்க மாமனார் 1,800 கொடுத்து சும்மா கிடைச்ச வாட்ச்மேனைத் தூங்க வெச்சிருக்கார்.

அந்த மூலைப் பெட்டி வைரஸும் இல்லை, ஆன்டிவைரஸும் இல்லை. ஏதோ ஒரு சைட் நோட்டிஃபிகேஷன் கேட்டப்போ 'அலவ்' அழுத்தியிருப்பார். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்த சைட்டை நீக்குங்க, நின்னுடும். தினம் பிடிபடறது பெரும்பாலும் குக்கியா இருக்கும், அதாவது நாம போற சைட்டுகள் விட்டுட்டுப் போற குட்டிக் குறிப்பு. வாசலில் கிடக்கற செருப்பையெல்லாம் திருடன்னு எண்ணற கதை.

ஒவ்வொண்ணா எடுங்க, நடுவுல ரீஸ்டார்ட் பண்ணுங்க. போக மறுத்தா அந்தந்தக் கம்பெனியே தர்ற ரிமூவல் டூல் இருக்கும்.

தாராவி_டெவ்:
காசு கொட்டி வாங்கறவங்க மட்டும் என்ன வாழுதாம்? 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பின ஒரே ஒரு தப்பான அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலத் திரையோட படுத்துச்சு. நம்மூர் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. அன்னிக்கு வைரஸ்காரன் லீவு.

மூணில் எது முழிச்சிருக்குன்னு பார்க்கணும்னா 'ஐகார்'னு ஒரு சோதனை ஃபைல் இருக்கு. வெறும் 68 எழுத்து, ஒரு கெடுதலும் செய்யாது, ஆனா பார்த்தா எல்லா ஆன்டிவைரஸும் குரைக்கணும்னு ஏற்பாடு.

சயான்_அக்கா:
தம்பி, எங்க அத்தை வீட்டு மெஷினிலும் பச்சை டிக் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. போனில் எவனோ கேட்டான், அத்தை ஓடிபியை ரெண்டு தடவை நிறுத்தி நிதானமா வாசிச்சாங்க. 40,000 போச்சு. மாமனார் டைரியில் முதல் பக்கத்தில் 1930னு எழுதி வைங்க. பணம் போனா உடனே கூப்பிட வேண்டிய நம்பர்.

செம்பூர்_மாப்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. மூணும் போச்சு. இப்போ பால் பொங்கறதுக்குள்ள திறந்துடுது. 1930ம் எழுதியாச்சு.

ஆனா புதுச் சிக்கல். டைரியில் நாலு நாளா பூஜ்யம். நேத்து ராத்திரி போன்: "மாப்பிள்ளை, இது வேலையே செய்யலை. பழசு எவ்வளவு சுறுசுறுப்பு!" லேமிங்டன் ரோட்டுக்குக் கிளம்பறேன்னு நிக்கறார். ஒண்ணும் செய்யாம நம்பர் மட்டும் காட்டற சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கா?

தாராவி_டெவ்:
பத்து நிமிஷ வேலை, எழுதித் தர்றேன். தினம் எத்தனை பிடிபடணும்?

செம்பூர்_மாப்பிள்ளை:
300ஐ ஒட்டி வரட்டும். ரவுண்டா வேண்டாம், ஆடிட்காரர், சந்தேகப்படுவார்.